அழித்த பின்னும் நிற்கும் சுவடு

அன்னவாசல் பேருந்து நிறுத்தத்தருகே தேநீர்க் கடையில் நாள்தோறும் காணும் காட்சி இது. வழக்கமாக வருபவர் பேருந்திலிருந்து இறங்கியதுமே, அவர் கேட்குமுன்பே, கடைக்காரர் தேநீரை ஆற்றத் தொடங்கிவிடுவார். வந்தவர் வேறு பக்கம் சென்றுவிட்டால் தேநீர் கொட்டப்படும். ஆயினும் குவளையைத் தொட்டுப் பார்ப்பவனுக்கு, யாருக்காகவோ தேநீர் ஆற்றப்பட்டது என்பது அதன் சூட்டினாலேயே விளங்கிவிடும்.

கணினியின் செயலியும் இவ்வாறே வேகம் பெற்றது. 1971-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலியில் ஏறத்தாழ 2300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று சில செயலிகளில் அவை ஆயிரம் கோடியையும் கடந்துவிட்டன. எண்ணிக்கையோடு உபாயமும் சேர்ந்தது. நினைவகத்திலிருந்து விவரம் வரும்வரை காத்திராமல், அடுத்து வேண்டியது இன்னதென ஊகித்து, செயலி வேலையை முன்கூட்டியே செய்துவிடும். ஊகம் பிழைத்தால் விடையை எறிந்துவிடும்.

2018 சனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் குறைகளை ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மெல்ட்டவுன் குறையில், உரிமை உண்டா என்ற சோதனை முடியுமுன்பே, விலக்கப்பட்ட இடத்தைச் செயலி எட்டிப் பார்த்துவிடுகிறது. கண்டதை எறிந்தாலும், விரைவுக்கென அருகில் வைத்துள்ள சிறு நினைவகத்தில் சுவடு நிற்கிறது. எது விரைந்து கிடைக்கிறது என நேரத்தை அளந்தே கள்வன் மறைபொருளை அறிந்துகொள்ளலாம்.

குறையை அடைக்க வந்த திருத்தங்கள் வேகத்தைக் குறைத்தன. 2015-ஐ ஒட்டியும் அதற்கு முன்பும் வந்த கணினிகளில் தளர்ச்சி மிகுதியாயிருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அப்போது அறிவித்தது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி போன்ற பழைய கருவிகளை நெடுநாள் வைத்திருப்போர் யார்? புதியது வாங்க இயலாத எளியோரே. பிறருடைய அவசரத்தின் விலை இவர்கள் தலையில் விழுந்தது.

இயந்திரம் பாவம் செய்வதில்லை. ஆனால் நமது நிலையை அது நினைவூட்டுகிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் நமது குற்றம் மெய்யாகவே மன்னிக்கப்படுகிறது. எனினும், பாவம் விளைத்த சீர்குலைவுகள் எல்லாம் அதனால் மட்டும் சீராவதில்லை எனத் திருச்சபையின் மறைக்கல்வி போதிக்கிறது. மன்னிப்புக்குப் பின்னும் பாவத்தின் எச்சங்கள் தங்கலாம் என்கிறார் புனித தோமா அக்குவினாஸ். அயலாரைப் பற்றித் தீர விசாரியாமல் அவதூறு சொன்னவன் மனம் வருந்தி மன்னிப்புப் பெறலாம். அவன் சொன்ன சொல்லோ கேட்டோர் மனத்தில் அக்குவளையின் சூடுபோல் தங்கியிருக்கும். ஆகவேதான் பரிகாரம் வேண்டப்படுகிறது.

அப்பரிகாரத்தின் விலையை யார் செலுத்துவது? சக்கேயு தம் உடைமையிலிருந்தே நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். தம்மால் ஏமாற்றப்பட்டவர்களிடம் அதை வசூலிக்கவில்லை. அவதூறு சொன்னவனும் கேட்டவர் வீடுகளுக்கு மீண்டும் நடந்து சென்று, "நான் சொன்னது பொய்" என்று சொல்லியாக வேண்டும். அது நாணத்தைத் தரும், நாட்களையும் எடுக்கும். அந்தத் தாமதத்தை நாமே ஏற்றுக்கொள்ள இறைவன் நமக்கு அருள்புரிவாராக.