சிறைக்குள் கல்வி: எந்த நியாயத்தில்?

தமிழ்நாட்டின் மத்திய சிறைகளில் எழுத்தறியாதவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளைச் சிறைவாசிகள் தனித்தேர்வர்களாக எழுதுகிறார்கள். தொலைநிலைக் கல்வியில் பட்டம் வாங்குவோரும் உண்டு. கோவைச் சிறையில் தறி ஓடுகிறது, வேலூரில் காலணி தைக்கிறார்கள், புழலில் ரொட்டி சுடுகிறார்கள். 2023 முதல் புழலில் பெண் சிறைவாசிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் ஒன்றும் இருக்கிறது. இவை நல்ல காரியங்கள் என்பதில் பெரும்பாலோருக்கு மறுப்பில்லை. எந்த நியாயத்தில் நல்லவை என்று கேட்டால்தான் பதில்கள் பிரிகின்றன.

மறுப்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. கல்லூரிக் கட்டணம் கட்ட வட்டிக்குப் பணம் வாங்கும் வீடுகள் இருக்கும் நாட்டில், கொலை செய்தவருக்கு அரசு செலவில் பட்டப்படிப்பு என்றால் மனம் உறுத்தத்தான் செய்யும். கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு அந்த உறுத்தல் இன்னும் கூர்மையானது. வெளியே உழைத்துப் பிழைக்கும் ஏழையின் வாழ்வைவிடச் சிறைவாழ்வு ஒரு பிடியும் மேலாக இருக்கக்கூடாது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் வேரூன்றிய கொள்கை. இந்தியாவின் 1894 சிறைச் சட்டமும் அந்த நூற்றாண்டின் பிள்ளைதான். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு எட்டாமல் போனதற்குச் சிறையில் ஓடும் வகுப்பு காரணமல்ல. அந்த வகுப்பை மூடினால் வெளியே ஒரு கட்டணமும் குறையாது.

ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் பயனைச் சொல்கிறார்கள். சிறையில் படித்தவர்கள் மீண்டும் குற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பு, படிக்காதவர்களைவிட 43 விழுக்காடு குறைவு என்று அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. இத்தகைய கணக்கில் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு: வகுப்புக்கு வந்து உட்காருபவர் ஏற்கெனவே மாற நினைத்தவராக இருக்கலாம். கணக்கு முழுக்கச் சரி என்றே வைத்துக்கொண்டாலும் அறக்கேள்வி அதோடு முடியாது. எழுபது வயதில் ஆயுள் தண்டனை அனுபவிக்கும் ஒருவர், பேத்தி எழுதும் கடிதத்தைத் தானே படிக்க வேண்டும் என்று எழுத்துக் கூட்டுகிறார் என்றால், அதனால் ஊரில் எந்தக் குற்றமும் குறையப்போவதில்லை. பயன் ஒன்றே நியாயம் என்றால் அவருக்குச் சிலேட்டு கொடுப்பது வீண்.

வீணல்ல என்று சொல்ல வேறு அடிப்படை வேண்டும். நீதிமன்றம் விதிக்கும் தண்டனை சுதந்திரத்தைப் பறிப்பது. அதற்குமேல் அறியாமையும் சேர்த்து விதிக்கப்படுவதில்லை. சிறைவாசத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் பறிக்க முடியாத அடிப்படை உரிமைகள் சிறைவாசிக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சுனில் பத்ரா வழக்கில் 1978இல் உறுதி செய்தது. ஒருவரது நாளின் அத்தனை மணி நேரத்தையும் பூட்டித் தன் கையில் வைத்துக்கொண்ட அரசு, அந்த நேரத்துக்குப் பொறுப்பாகிறது. அவரால் தானாகப் பள்ளிக்கு நடந்து போக முடியாது. தகுதி பார்க்காமல் தருவது நமக்குப் புதிதல்ல. மணிமேகலைக் காப்பியத்தில் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்றே ஒரு காதை இருக்கிறது. சிறையில் வாடியவர்களுக்கு அமுதசுரபியிலிருந்து சோறிட்ட மணிமேகலை, யார் என்ன குற்றம் செய்தார், இனித் திருந்துவாரா என்று விசாரித்து இடவில்லை. பசியைப் பார்த்து இட்டாள்.

இதைவிட அவசரமான காரணம் ஒன்றும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர்! இவர்கள் குற்றம் செய்தார்களா என்றே இன்னும் தீர்ப்பாகவில்லை. ‘சீர்திருத்தம்’ என்ற சொல்லை இவர்கள்மேல் சுமத்துவது தீர்ப்புக்கு முன்பே தீர்ப்புச் சொல்வது. தொழிற்கூடங்களோ பெரும்பாலும் தண்டனைக் கைதிகளை மனத்தில் வைத்து அமைந்தவை. வாய்தா தள்ளித் தள்ளிப் போக, ஆண்டுக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பல விசாரணைக் கைதிகளின் நிலை. இவர்களுக்குக் கல்வி தர முடியும். திருத்துவதாகச் சொல்லிக்கொண்டு தர முடியாது.

வேலையின் அறம் படிப்பின் அறத்தைவிடச் சிக்கலானது. வ.உ.சிதம்பரனாரைச் செக்கிழுக்க வைத்ததும் கோவைச் சிறைதான். அன்று அந்த வேலையே தண்டனை. இன்று அதே சிறையில் தறி ஓட்டுவது பயிற்சி எனப்படுகிறது. இரண்டையும் பிரிப்பது கூலியும் சம்மதமும். கடுங்காவல் கைதியிடம் வேலை வாங்கலாம், ஆனால் நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டோருக்குப் போக வழி செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் கூறியது. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் உறுத்தலுக்கு நேராகப் பதில் சொல்லும் ஏற்பாடு இது ஒன்றுதான். எந்த வேலை யாருக்கு என்பதும் சின்ன விஷயமல்ல. கூட்டுவதும் கழுவுவதும் சில சாதியாருக்கு, சமையல் வேறு சாதியாருக்கு என்று பிரித்துவைத்த சிறை விதிகள் பல மாநிலங்களில் 2024 அக்டோபர் வரை நீடித்தன; சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாதவை என்று தள்ளியது. பிறப்பைப் பார்த்துத் துடைப்பம் கொடுத்த இடத்தை மறுவாழ்வுக்கூடம் என்று எப்படி அழைப்பது?

விடுதலைக்குப் பிறகுதான் பயிற்சியின் தரம் தெரியும். வாடகை வீடு கேட்டாலும் வேலை கேட்டாலும் முதலில் தடுக்கி நிற்பது பழைய வழக்கு. சிறைவாசி என்பதால் பெட்ரோல் பங்கில் கிடைத்த வேலை, சிறைவாசியாக இல்லாமல் போகும் நாளில் கையைவிட்டுப் போகிறது. அப்படித்தான் ஆக வேண்டும் என்றில்லை: தெலங்கானாச் சிறைத்துறை தன் பெட்ரோல் பங்க்குகளில் விடுதலையானவர்களையும் வேலைக்கு எடுத்திருக்கிறது.