பல்லில் காரையும் கறையும்: மிஸ்வாக் செய்யும் சமுதாயத்திற்கு ஒரு ஜும்ஆ உரை

  

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

"ஹஜ்ரத், டாக்டரிடம் போய்ப் பல் சுத்தம் செய்வது கூடுமா? பல்லை ராவுவதை நபியவர்கள் சபித்திருக்கிறார்களே?" என்று பலர் கேட்கிறீர்கள். கேள்வி சின்னதுதான். ஆனால் இந்தப் பயத்தால் பல வருடங்கள் ஈறில் ரத்தத்தோடு இருந்து, கடைசியில் நல்ல பல்லையே பிடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கட்டாயமாக்கியிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை மிஸ்வாக். இரவில் தஹஜ்ஜுதுக்கு எழுந்தால் மிஸ்வாக். வஃபாத்தாகும் நேரத்தில் அப்துர் ரஹ்மான் (ரலி) கையில் மிஸ்வாக்கைப் பார்த்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அதை மென்று மிருதுவாக்கிக் கொடுக்க, நல்ல முறையில் பல் துலக்கினார்கள். உலகத்தை விட்டுப் போகும் வேளையில்கூட வாய் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்களின் உம்மத் நாம்.

சரி, மிஸ்வாக் செய்கிறவருக்கு டாக்டர் எதற்கு? பல்லில் படியும் மெல்லிய அழுக்கைக் குச்சியோ பிரஷ்ஷோ எடுத்துவிடும். எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து, கிணற்றுச் சுவரில் உப்புப் படிகிற மாதிரி அது இறுகிக் காரையாகிவிடும். அதன்பின் என்ன தேய்த்தாலும் வராது. டாக்டர் வைத்திருக்கும் கருவி அதிர்ந்து, தண்ணீரைப் பீய்ச்சி, அந்தக் காரையைத்தான் உடைக்கிறது, பல்லை அல்ல. "கிளீன் பண்ணினால் பல் ஆடும்" என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. உண்மையில் காரையால் ஈறு ஏற்கெனவே இறங்கியிருக்கும், அடியில் எலும்பும் தேய்ந்திருக்கும். காரை போனதும் அந்த இடைவெளி தெரிகிறது, சில நாள் கூச்சம் இருக்கிறது, அவ்வளவுதான்.

சபிக்கப்பட்டது எது? அழகுக்காகப் பல்லுக்கு இடையே ராவி இடைவெளி உண்டாக்கி, அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது. மேலே படிந்ததை நீக்குவது படைப்பை மாற்றுவதல்ல. சிகிச்சை என்றால் மார்க்கம் இன்னும் விரிந்தது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு வைத்து அது நாற்றமெடுத்தபோது, ஆணுக்கு ஹராமான தங்கத்தில் வைத்துக்கொள்ள நபியவர்கள் சொன்னார்கள்.

இனி கறை. எல்லாக் கறையும் ஒன்றல்ல. டீ, வெற்றிலை, பீடி போட்ட கறை மேலே இருக்கிறது. சுத்தம் செய்தால் பெரும்பாலும் போகும். செங்கல் பொடியும் அடுப்புக்கரியும் போட்டுத் தேய்க்காதீர்கள். மேல் பூச்சு தேய்ந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள்தான் இன்னும் தெரியும்.

ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஜமாஅத்துகளைப் பாருங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேலுள்ள தண்ணீரைக் குழந்தையில் குடித்தால், ஈறுக்குள் உருவாகும்போதே பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழுந்துவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தது. அதற்கு முன் வளர்ந்தவர்களின் பல் அப்படியேதான் இருக்கிறது. எவ்வளவு துலக்கினாலும், காரை எடுத்தாலும் அது போகாது. அந்தப் பிள்ளைகளைப் பெண் பார்க்கப் போய், "பல் துலக்காத வீடு போல" என்று சொல்லிவிட்டு வருகிறோமே, இது நியாயமா? ஊர்த் தண்ணீர் செய்த வேலைக்கு ஒரு குமருப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டுமா?

இப்னு மஸ்ஊத் (ரலி) மிஸ்வாக் குச்சி பறிக்கப் போனார்கள். காற்றில் அவர்களுடைய மெலிந்த கால்கள் தெரிந்தன, தோழர்கள் சிரித்தார்கள். நபியவர்கள் ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டு, அந்தக் கால்கள் மீஸானில் உஹது மலையை விடக் கனமானவை என்ற கருத்தில் சொன்னார்கள். முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. மிஸ்வாக்கின் சிறப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே மரத்தடியில் நடந்த இதை விட்டுவிடுகிறோம்.

பாக்கு, புகையிலை அடக்கும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கறை சின்னப் பிரச்சினை. வாய் சரியாகத் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது, வெள்ளைத் திட்டு ஆறவில்லை என்றால் தள்ளிப் போடாமல் காட்டுங்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும்.

சட்டம் கேட்டவர்களுக்கு: சுத்தம் செய்யும்போது ஈறில் ரத்தம் வந்தால், ஷாஃபிஈ மத்ஹபில் உளூ முறியாது, வாயைக் கொப்பளித்துவிட்டுத் தொழலாம். ஹனஃபியில், எச்சிலை மிகைக்கும் அளவு ரத்தம் இருந்தால் உளூ முறியும். நோன்பில் தண்ணீரோ ரத்தமோ தொண்டைக்குள் இறங்கும் ஆபத்து இருப்பதால், அவசரமில்லாவிட்டால் இஃப்தாருக்குப் பிறகோ, ரமளானுக்கு முன்போ வைத்துக்கொள்ளுங்கள். செலவுக்குப் பயப்படுகிறவர்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

குத்பாவின் பாங்குக்கு நேரமாகிவிட்டது. பின்னால் நிற்பவர்கள் முன் ஸஃப்பில் இடம் இருக்கிறது, வாருங்கள்.