ஒன்பது குறைகள்

மாமாவின் டிராக்டருக்கு என்ன விலை சொல்லலாம் என்று அம்மா போனில் கேட்டபோது, அரை நாள் வேலை என்றுதான் நினைத்தேன். உள்ளூர் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஐந்து வருடமாகத் தொழிற்சாலையில் மெஷின்களோடு கிடக்கிறவன் நான். எந்த மெஷினை எப்போது தூக்கிப் போடலாம், விற்றால் என்ன தேறும் என்று அறிக்கை எழுதுவதும் என் வேலைதான். "நீதானே இஞ்சினியரு, வந்து பாத்துச் சொல்லு மருமவனே" என்றார் மாமா. மூன்று வாரம் ஆகியும் என்னால் சொல்ல முடியவில்லை.

வண்டி, கோல சிலாங்கூர் பக்கம் மாமா வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. மாஸி பெர்குசன் 135. இந்த மாடல் 1964இல் வெளிவந்தது. மாமாவுடையது, தகட்டில் உள்ள எண்ணை வைத்துப் பார்த்தால், 1971இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் செய்தது. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின், இரண்டரை லிட்டர், சுமார் 45 குதிரைசக்தி. பின்னால் ஹாரி பெர்குசன் உருவாக்கிய மூன்றுமுனை இணைப்பு. கலப்பையை வண்டியோடு ஒரே உடம்பாகப் பூட்டி, மண் கொடுக்கும் எதிர்ப்பையே பின்சக்கரத்தை அழுத்தும் பாரமாக மாற்றுகிற ஏற்பாடு அது. எடை குறைந்த வண்டியும் வழுக்காமல் உழுதது அதனால்தான். ஆனால் மாமா இந்த வண்டியில் ஒருநாளும் உழுததில்லை. டிரெய்லர் மாட்டிச் செம்பனைக் குலைதான் இழுத்தார்.

1979இல் தோட்டத்து டிரைவராகி இதே வண்டியில் உட்கார்ந்தார். 1994இல் தோட்டம் புது டிராக்டர் வாங்கியபோது பழையதை 2,000 வெள்ளி கொடுத்து எடுத்துக்கொண்டார். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் எல்லாம் கழிந்து அதன் மதிப்பு அப்போதே பூஜ்யமாகியிருக்கும். அந்தப் பூஜ்யத்தை வைத்துத்தான் அடுத்த 30 வருடம் சின்னத் தோட்டக்காரர்களுக்குக் குலை ஏற்றி, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். இப்போது இடது முட்டி போய்விட்டது. கிளட்ச் மிதிக்க முடியவில்லை. வைத்தியத்துக்குப் பணமும் வேண்டும்.

முதலில் வந்தவர் பழைய இரும்பு தவுக்கே. வண்டி ஏறக்குறைய 1,450 கிலோ. டயரையும் டீசலையும் கழித்து 1,400 வெள்ளி என்றார். அவரிடம் ஏமாற்று இல்லை. அவருக்கு அது வண்டியே இல்லை, எடை.

அடுத்து நான் என் பாணியில் கணக்குப் போட்டேன். ஒரு மாதத்தில் எத்தனை நடை, டீசல் எவ்வளவு, இன்னும் எத்தனை வருடம் ஓடும். கணக்கு அழகாகத்தான் வந்தது. ஆனால் ஓட்டிப் பார்த்தபோது இரண்டாம் கியர் தானாகக் கழன்று வந்தது. "முட்டியால அண்டக் கொடுக்கணும்டா" என்று சிரித்தார் மாமா. வருமானம் என்று நான் எழுதியதில் பாதி வண்டியுடையது, மீதி அந்த முட்டியுடையது. முட்டியைக் கழித்துவிட்டு வண்டிக்கு மட்டும் விலை போட எனக்குத் தெரிந்த சூத்திரம் எதுவும் இல்லை. பக்கத்தில் ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் 6,500 தருவதாகச் சொன்னார். அதையே வேலை விலை என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாமவர் கோலாலம்பூரிலிருந்து வந்த சேகரிப்பாளர். நல்ல மனிதர். டார்ச் அடித்து, தரையில் படுத்து, ஒரு மணி நேரம் பார்த்தார். "ஒரிஜினலா இருந்திருந்தா 12,000 கொடுத்திருப்பேன்" என்றார். அன்று இரவே எனக்கு வாட்சப்பில் ஒன்பது குறைகளைப் பட்டியல் போட்டு அனுப்பினார். பானெட் மாற்றியது. டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர். ஸ்டீயரிங் வேறு வண்டியுடையது. சீட்டில் வெல்டிங். வாட்டர் பம்ப் இந்தியச் சரக்கு. மட்கார்டில் ஒட்டு. சிவப்பு, சரியான சிவப்பு இல்லை. இப்படியே போய்க் கடைசியில் 7,000 வெள்ளி.

பட்டியலை மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. ஒன்பதும் மாமா செய்தது. வண்டியை ஓட வைத்த ஒவ்வொரு வேலையும் விலையிலிருந்து கழிக்கப்பட்டிருந்தது. இந்தக் கணக்குப்படி, வாங்கிய வருடமே பழுதாகி யாரும் தொடாமல் பூட்டிவைத்த வண்டிதான் முழு விலை பெறும்.

சேகரிப்பாளர் தப்பாகச் சொல்லவில்லை. 1971இல் கவென்ட்ரியிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆளாளுக்கு மாற்றிக்கொண்டே போனால் சாட்சி என்று எதுவும் இருக்காது. ஆனால் அந்த வண்டி இரண்டு ஊருக்குச் சாட்சி. அவர் ஒரு ஊருக்குத்தான் காசு கொடுக்கிறார். கோல சிலாங்கூரில் நடந்ததெல்லாம் அவர் கணக்கில் சேதாரம்.

இந்தப் பட்டியலை மாமாவிடம் காட்டுவதா? என் பிரச்சினை அதுதான். 7,000 என்று மட்டும் சொல்லிவிடலாம். அதுதான் இருப்பதில் பெரிய தொகை, சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

கி.மு. 44இல் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஒரு வழக்கு வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியத்தோடு வருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்கு மட்டும் தெரியும். சொன்னால் விலை விழும். சொல்லத் தேவையில்லை என்கிறார் டயோஜெனிஸ் என்ற தத்துவவாதி. சொல்லியாக வேண்டும் என்கிறார் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கம் நிற்கிறார். இது லாபத்துக்காக மறைப்பது. நான் மறைக்க நினைத்தது பாசத்தால். வேறு வேறு என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் இரண்டிலும் ஒன்று பொது: அடுத்தவர் எதை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம். விலை சொல்லக் கூப்பிட்ட ஆளுக்கு அந்த உரிமை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் படித்துக் காட்டினேன். மாமா கோபப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். "பானெட்டு 1997ல மரம் விழுந்து நசுங்குனது. நாந்தான் உள்ள இருந்தேன். டைனமோ மழையில செத்துப் போச்சு, லைட்டு இல்லாம ராத்திரி எப்படிக் குலை ஏத்துறது?" வாட்டர் பம்ப் சென்னையிலிருந்து வந்ததாம். 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் அங்கே மாஸி பெர்குசன் டிராக்டர்களைச் செய்வதால் உதிரிபாகம் கிடைப்பது சுலபம். அவர் சொல்லச் சொல்ல, எங்கள் குடும்பத்தில் யாரும் எழுதி வைக்காத 30 வருடம் வரிசையாக வந்தது. ஒன்பதாவது முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப ஓடாத வண்டியத்தான் தேடுறாரு. நம்ம வண்டி ஓடுதே" என்றார்.

6,500க்குப் பக்கத்துக்காரரிடமே விற்றுவிட்டார்.

நான் பட்டியலைப் படிக்காமல் இருந்திருந்தால் மாமாவுக்கு 500 வெள்ளி கூடக் கிடைத்திருக்கும். முட்டி வைத்தியத்துக்குப் பணம் தேடுகிற வீட்டில் 500 சும்மா இல்லை. அம்மா இன்னும் திட்டுகிறார், "ஒனக்கு எதுக்குடா அரிச்சந்திரன் வேல?" அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. உண்மையைச் சொன்னது நான், விலை கொடுத்தது மாமா.

போன மாதம் வேலையில் 22 வருடப் பழைய கம்ப்ரசர் ஒன்றுக்கு அறிக்கை எழுதினேன். குறைகள் என்ற கட்டத்தில் வழக்கம்போல் 'பலமுறை பழுதுபார்க்கப்பட்டது' என்று எழுதியபோது, பழுதுபார்த்த டெக்னீஷியன் அங்கிள் பக்கத்தில்தான் நின்றார். எது, எப்போது, எதனால் என்று அவரைக் கேட்டு ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தேன். கடைசித் தொகை ஒரு வெள்ளிகூட மாறவில்லை. அந்தப் பக்கம் எதற்கு என்று மேலாளர் கேட்டார். விற்கும்போது வாங்குகிறவருக்குத் தெரியட்டும் என்றேன்.