உழுதவர் கையில் சேர வேண்டிய பணம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் அதன் தென்புறத்தையும் வெள்ளக்காடாக்கியபோது, தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் வழங்க முன்வந்த தமிழக அரசு, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமுற்ற பயிர்களுக்கு, நெல் உள்ளிட்ட பாசனப் பயிராயின் ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும் மானாவாரியாயின் 8,500 ரூபாயும் நிவாரணமாக அறிவித்தது. இடருற்ற குடிகளைத் தாங்குவது சர்க்காரின் கடமை என்பதை மறுப்பார் இல்லை. அந்தப் பணம் எவர் கையில் சேர்வது நியாயம் என்ற வினாதான் மனசாட்சியை உறுத்துகிறது.

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரைக் கடந்து மணிமங்கலம், படப்பை வரை செல்பவர், மனைப்பிரிவுகளின் மதில்களுக்கிடையே இன்னும் பச்சை மாறாத கழனிகளைக் காணலாம். விலை ஏறும் காலத்தை எதிர்நோக்கி வாங்கிப் போட்டவர் எங்கோ வசிக்க, ஊரார் ஒருவர் வாய்ப்பேச்சில் குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்துப் பயிர் செய்யும் நிலங்களும் இவற்றில் உண்டு. சம்பா பால் பிடிக்கும் தருணத்தில் வெள்ளம் நாலு நாள் நின்றால் கதிர் சேற்றில் சாய்கிறது. நீர் வடிந்தபின் எடுத்து நசுக்கினால் பதராக இருக்கிறது. முற்றிய கதிராயின் தாளிலேயே முளைவிட்டுக் கிடக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் கடன் வாங்கியவர் அதைப் பார்த்து நிற்கையில், சிட்டாவில் பெயருள்ளவரின் வங்கிக் கணக்கில் நிவாரணம் வரவாகுமாயின், அதைச் சட்டம் பொறுக்கலாம், தர்மம் பொறுக்குமா?

பழைய ரயத்துவாரி முறையில் விளைச்சல் பொய்த்த ஆண்டில் தீர்வையை வஜா செய்தபோது, சலுகை பட்டாதாரருக்குப் போனது பொருத்தமே. தீர்வை கட்டியவர் அவர். இன்றைய நிவாரணமோ, பேரிடர் விதிகளின்படி, விதை, உரம் முதலிய இடுபொருட்களுக்கான மானியம். இடுபொருளை வாங்கியவருக்கன்றி வேறெவருக்கு அதில் பாத்தியதை? பாசனப் பயிருக்கு 2023-இல் அறிவித்ததை ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 6,900 ரூபாயே வரும் அச்சிறு தொகையும் வழிமாறிப் போவது, நஷ்டத்தின்மேல் சுமத்தும் அநீதி.

பத்திரமில்லாத வாய்ச்சொல்லை நம்பிப் பொதுப்பணத்தை வாரி வழங்கினால் கழனியில் கால்வைக்காதவரும் கைநீட்டுவார் என்னும் ஆட்சேபம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. ஆயினும் ஒரு கழனியில் நாற்று விட்டவர் யார் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். பயிரைப் பதிவு செய்யும் அடங்கலும் கிராம நிர்வாக அலுவலர் கையில் இருக்கிறது. வாரத்துக்கு விட்ட உடையவரும் தம் பங்கை இழந்தவரே; அங்கே நிவாரணத்தையும் அதே விகிதத்தில் பகிர்வது முறை. ரொக்கக் குத்தகையை முன்கூட்டியே பெற்றவருக்கோ வெள்ளத்தால் குறைந்தது ஒன்றுமில்லை.

உண்மையான தடை பயம். 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருந்தும், ஒருமுறை பெயரெழுதினால் நிலம் கைவிட்டுப் போகுமென்று உடையவர் அஞ்சுகிறார். மறுவருஷம் கழனி கிடைக்காதென்று உழுபவர் வாய் மூடுகிறார். நிவாரணக் கணக்கெடுப்பில் எழுதப்படும் பெயர் குத்தகை உரிமைக்குச் சாட்சியமாகாது என்று அரசு தெளிவாக ஆணையிட்டால், இருவர் அச்சமும் பெருமளவு நீங்கும். அவ்வாணை வரும்வரை, பட்டா வைத்திருப்போர் தம் நிலத்தில் பயிரிட்டவர் இன்னார் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பே பணம் தம் கணக்கில் வந்துவிட்டிருந்தால், அதை உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.