அறியாதிருக்க உரிமை உண்டா?



தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டிலே, அந்தியோக்யா மலைப்பகுதியில், கத்தோலிக்கக் குடும்பங்கள் சில தலைமுறை தலைமுறையாக ஒரு வருத்தத்தைச் சுமந்து வருகின்றன. நாற்பது வயது கடந்ததும் ஞாபகம் தடுமாறும்; ஐம்பதை அண்டும்போது புத்தி பேதலித்துவிடும். ஊரவர் இதனைப் பேதைமை என்றனர்; சூனியம் என்றோரும் உண்டு. (பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று கேட்ட சீடர்களும் நம்மைப் போன்றவர்களே.)

1980களிலே இக்குடும்பங்களைத் தேடிச் சென்று, 2024இல் இறக்கும்வரை அவர்களைக் கைவிடாதிருந்தவர் வைத்தியர் பிரான்சிஸ்கோ லோபேரா. இது அல்சைமர் நோய் என்பதும், பதினான்காம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரையலகின் பிழையே காரணம் என்பதும் தெளிவாயின. பெற்றோரில் ஒருவரிடம் இப்பிழை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்புச் சரிபாதி.

2013இல் தொடங்கிய மருந்துப் பரிசோதனையிலே 252 பேர் சேர்ந்தனர். தம்மிடம் அப்பிழை உண்டா என்பது அவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. பிழை இல்லாதோரும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டு, வெறும் போலி மருந்தைப் பெற்றனர். சேர்ந்தவர் என்பதைக்கொண்டு எவரும் எதனையும் ஊகிக்கலாகாது என்பதற்காக. 2022இல் முடிவு வந்தது, மருந்து கைகொடுக்கவில்லை.

ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடியதைத் தெரியாமல் இருப்பது கோழைத்தனம் அல்லவா? குருமடத்தில் அறநெறியியல் கற்ற நாட்களில், உண்மைக்கு முகங்கொடு என்றே விடை எழுதியிருப்பேன். இன்று அவ்வாறு எழுத மனம் துணியவில்லை. வெட்டி அகற்றக்கூடிய கட்டியென்றால் அறிவது கடமை. தடுத்து நிறுத்த வழியில்லாத நோயை இருபது வயதிலேயே அறிந்துகொள் என்று எவரையும் வற்புறுத்த நமக்கு அதிகாரமில்லை.

ஆனால் கலியாணம் என்று வரும்போது கதை வேறு. தன் இரத்தத்தில் இருப்பதை அறியாதிருக்கலாம். தகப்பனுக்கு நேர்ந்ததை மறைக்கலாகாது. இல்லற வாழ்வைப் பாரதூரமாகக் குலைக்கக்கூடிய ஒன்றை மறைத்து, சம்மதம் பெறுவதற்கென்றே வஞ்சித்தால், அத்திருமணம் செல்லாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1098ஆம் விதி. சம்பந்தம் பேசுகையில், "அவருக்குக் கொஞ்சம் மறதி, அவ்வளவுதான்" என்று சிரித்து மழுப்பும் வழக்கம் நம் வீடுகளிலும் இல்லாமலில்லை.

உண்மையைக் கேட்டபின் அந்தப் பெண் விலகிப் போகலாம். அது அவளுக்குரிய தீர்மானம். அதற்காக அவளைக் குறைகூற வேண்டாம். எல்லாம் தெரிந்தே கைபிடிப்பவளும் இருப்பாள்.