முகம் யாருக்குச் சொந்தம்?

அரூர், ஊத்தங்கரை, செங்கம் வட்டாரங்களில் வேடியப்பன் கோயில்கள் நிறைய உண்டு. உள்ளே எட்டிப் பார்த்தால், பல இடங்களில் சாமியாக இருப்பது ஒரு பலகைக்கல். அதில் வில்லும் வாளும் ஏந்தி ஒரு வீரன் நிற்பான். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் ஊர் மாட்டை மீட்கப் போய், அம்பு பட்டுச் செத்த மனிதன் அவன். இன்றைக்கு அவனுக்குப் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவன் பெயரைச் சூட்டுகிறார்கள். தருமபுரி அரசு அகழ்வைப்பகத்திலும் இப்படிப்பட்ட நடுகற்களைப் பார்க்கலாம். இறந்தவரின் உருவத்தை நிலைக்க வைக்கும் வேலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

அந்தக் காலத்தில் அது ஒரு நொடியில் முடிகிற வேலையாகவும் இல்லை. கல்லைத் தேடிப் பார்ப்பது, நாள் குறிப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது என்று நடுகல்லுக்கு ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. கல்லில் வெட்டிய எழுத்துகளைப் படித்தால் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர் மாடு, இறந்தவன் யார், யாருடைய சேவகன் என்பதெல்லாம் தெரிகிறது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில், தலைவனோடு நின்ற நாயின் பெயர்கூட உண்டு: கோவிவன். பெரும்பாலான கற்களில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். செதுக்கியவரின் பெயர்.

இன்றைக்கு அந்த வேலை போட்டோக்காரருடையது. தருமபுரி பேருந்து நிலையத்துப் பக்கமோ பாலக்கோட்டுக் கடைவீதியிலோ ஒரு சின்ன ஸ்டுடியோ திறக்க நினைக்கும் இளைஞரை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் சில வருடம் யாருக்கோ உதவியாளராக லைட் பிடித்தவர். கையில் ஒரு கேமரா, இரண்டு லென்ஸ். அவருக்குக் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் சரியானவைதான். முத்ரா கடனில் ‘சிசு’ பிரிவு 50,000 ரூபாய் வரை தருகிறது. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை என்பதால் அந்த மாதங்களின் வாடகையைத் தையிலும் ஆவணியிலும் எடுத்து வைத்துவிட வேண்டும். பாஸ்போர்ட் சைஸ் படமும் லேமினேஷனும் அன்றாடச் செலவைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு மெமரி கார்டு போடும் வசதியுள்ள கேமராதான் கல்யாணத்துக்கு ஆகும்; ஒரு கார்டு பழுதானால் தாலி கட்டும் காட்சியைத் திரும்ப எடுக்க முடியாது.

கணக்கெல்லாம் இவ்வளவுதான். சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது.

கடை திறந்த சில நாட்களிலேயே ஒருவர் வருவார். கையில் வாக்காளர் அடையாள அட்டை. அப்பா போய்விட்டார், பதினாறாம் நாள் காரியத்துக்குள் பெரிய படமாக ஃபிரேம் போட்டுத் தர வேண்டும், வேறு படம் இல்லை. அந்தச் சின்ன மங்கல் முகத்தைப் பெரிதாக்கி, சுருக்கத்தைக் குறைத்து, நிறத்தைக் கொஞ்சம் ஏற்றி, சட்டை போடாத உடம்புக்கு ஒரு கோட்டும் மாட்டிவிடச் சொல்வார்கள். வாழ்நாள் முழுக்கக் கேழ்வரகுக் கொல்லையில் நின்றவர், செத்த பிறகு கோட்டு போட்ட கனவானாகச் சுவரில் ஏறுவார். இது பொய்யா?

பொய் என்று ஒரே போடாகப் போடுவது எளிது. ஆனால் நடுகல் வீரனும் அந்தக் குறிப்பிட்ட மனிதனின் அச்சு அல்ல. ஒரே மாதிரி நிற்கும் கால், ஒரே மாதிரி ஓங்கிய கை. சிற்பி செதுக்கியது அவன் முகச்சாயலை அல்ல, ஊர் அவனை எப்படி நினைக்க விரும்பியதோ அதை. அந்தக் கணக்கில் கோட்டு ஒரு மரியாதை. அமாவாசை தோறும் அந்தப் படத்துக்கு முன்னால் இலை போடப் போகிறவர்கள் ஆவணத்தைக் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்கிறார்கள். நிறத்தை ஏற்றுவது மட்டும் வேறு விஷயம். அங்கே அப்பாவுக்கு மரியாதை கூடவில்லை. அவர் இருந்தபடி இருந்தது போதவில்லை என்று அவருடைய தோலைப் பார்த்தே சொன்னதாக ஆகிறது. கோட்டை மாட்டலாம், தோலை மாற்ற வேண்டாம் என்று ஒரு ஸ்டுடியோக்காரர் தனக்குள் கோடு போட்டுக்கொண்டால், அது அழகியல் முடிவு மட்டுமல்ல.

உருவம் என்பது ஆளா, ஆளின் நிழலா என்ற கேள்வி தமிழ்ச் சமயங்களுக்குள் பல தடவை வந்து போயிருக்கிறது. வடலூர் வள்ளலாரைப் படம் எடுக்கச் சென்னையிலிருந்து வந்தவர் பலமுறை முயன்றும் உடை மட்டும் பதிந்தது, திருமேனி பதியவில்லை என்பது அவருடைய அன்பர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. ஒரு குயவர் களிமண்ணில் செய்து கொண்டுவந்த உருவத்தையும் அவர் ஏற்கவில்லை என்பார்கள். 1874இல் முடிந்தது அவர் வாழ்வு. ஆனால் அவரை வணங்கும் வீடுகளில் முக்காடிட்ட அவருடைய ஓவியம் இல்லாமல் இல்லை. ரமண மகரிஷியின் கதை நேர் எதிர். பெங்களூரைச் சேர்ந்த ஜி.ஜி. வெல்லிங் 1946இல் எடுத்த படம் இன்றைக்கும் அன்பர்களின் பூஜை அறைகளில் இருக்கிறது. அதன் முன் அமர்பவர்கள் அதைத் தாளாகப் பார்ப்பதில்லை, அதிலிருந்து தங்களை ஒருவர் பார்க்கிறார் என்றுதான் சொல்கிறார்கள்.

கோயிலின் நியாயமும் இதுதான். சாமியை நாம் பார்ப்பது பாதி, சாமி நம்மைப் பார்ப்பது மீதி. கருவறைக்குள் கேமரா கூடாது என்ற வழக்கத்துக்குப் பின்னால் இந்த எண்ணமும் உண்டு. திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை விதிக்கும்படி அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. குமாரசாமிப்பேட்டைக் கோயிலிலோ தீர்த்தமலைக் கோயிலிலோ கல்யாண ஆர்டர் எடுப்பவர் மண்டபத்தில் எதை எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. இஸ்லாமியக் குடும்பங்களில் உயிருள்ளவற்றின் உருவத்தைப் பற்றிக் கருத்துகள் பலவிதம். சில நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் கேமரா போகக் கூடாது. சில வீடுகளில் எந்தத் தடையும் இல்லை. படம் இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இல்லாமல் ஹஜ் இல்லை என்ற நடைமுறை எல்லா வீட்டுக்கும் தெரியும். இங்கே போட்டோக்காரர் மார்க்கத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

சமயம் ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டம் என்ன சொல்கிறது? தொழிலுக்கு வரும் பலருக்கு இங்கேதான் அதிர்ச்சி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் எடுத்தவர் அல்ல, எடுக்கச் சொன்னவர். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால்தான் இது மாறும். எடுத்தவர் படைப்பாளி, உடைமையாளர் இல்லை. செதுக்கியவரின் பெயரை விட்டுவிட்ட நடுகல்லுக்கு இது பக்கத்து வீடு. ஆனால் நடைமுறையில், கல்யாணம் முடிந்த மறுநாளே மணமகளின் கண்ணீர் ஸ்டுடியோ பெயரின் வாட்டர்மார்க்கோடு ரீல்ஸில் ஓடுகிறது.

பணம் கொடுத்தவர் உரிமையாளர் என்பதோடும் முடியவில்லை. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவதை ஒட்டி எழுந்த ராஜகோபால் வழக்கில், குடும்பம், திருமணம், தாய்மை போன்ற விஷயங்களில் ஒருவரின் தனிமையைக் காக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்னது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாகவே உறுதி செய்தது. இறந்தவர் விஷயத்தில் சட்டம் ஒதுங்கிக்கொள்கிறது: ‘தலைவி’ படத்தை எதிர்த்து ஜெயலலிதாவின் அண்ணன் மகள் ஜெ. தீபா தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவர் மரணத்தோடு முடிகிறது, வாரிசுக்கு வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்கும் ஊர் இதை ஒப்புக்கொள்ளுமா என்பது சந்தேகம். அங்கே இறந்தவனுக்குத்தான் உரிமை அதிகம். ஆண்டுக்கொரு முறை கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

ஆக, ஒரு முகத்தின் மேல் மூன்று பேருக்குப் பாத்தியதை இருக்கிறது. பணம் கொடுத்தவர், படத்தில் இருப்பவர், எடுத்தவர். கடைசி ஆளின் பங்கு திறமைக்கும் நேரத்துக்குமான கூலி. முகம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது, விற்கப்படவில்லை. சின்ன ஸ்டுடியோவின் அறக்கேள்விகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டில்தான் போய் முட்டுகின்றன.

மஞ்சள் நீராட்டு விழாவை எடுத்துக்கொள்ளலாம். மாவட்டத்தின் எந்த ஸ்டுடியோவுக்கும் கல்யாணத்துக்கு அடுத்த நல்ல வரும்படி அது. ஆர்டர் கொடுப்பது அப்பா, சீர் கொண்டுவருவது தாய்மாமன், படத்தில் இருப்பது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி. அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போனால், அவள் உடம்பில் நடந்த ஒன்று ஸ்டுடியோவின் விளம்பரமாக வகுப்பில் எல்லார் போனிலும் இருக்கும். மனிதரை எப்போதும் ஒரு நோக்கமாகவும் கருத வேண்டும், வெறும் கருவியாக ஆக்கக் கூடாது என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் 1785இல் எழுதினார். அவர் சொன்னது பெரிய அரசியல் கொடுமைகளுக்கு மட்டும் பொருந்துவதல்ல; ஐந்நூறு ‘லைக்’ வாங்குவதற்காக ஒரு குழந்தையின் கூச்சத்தைச் செலவழிப்பதும் அதே வகைதான்.

விளம்பரம் இல்லாமல் புது ஸ்டுடியோ எப்படிப் பிழைக்கும் என்று கேட்பது நியாயம். வேலையைக் காட்டினால்தான் அடுத்த ஆர்டர். ஆனால் காட்டுவதற்கு வழி இருக்கிறது. வளர்ந்தவர்களிடம் அவர்களையே கேட்டுச் சம்மதம் வாங்கலாம். வேண்டாம் என்பவருக்கும் அதே விலை, அதே கவனம். குழந்தைகள் விஷயத்தில் மாலை, மேடை, சீர்வரிசைத் தட்டு, பாட்டியின் சிரிப்பு என்று விழாவைக் காட்டலாம். எல்லாப் படத்தையும் காட்டியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த், 1980இல் வந்த தன் புகைப்பட நூலில், இறந்துபோன தாயின் சிறுவயதுப் படம் ஒன்றைச் சுற்றியே பாதிப் புத்தகத்தைக் கட்டினார். அந்தப் படத்தை மட்டும் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது வெறும் ஒரு பழைய படம் என்பது அவருடைய காரணம்.

இதைவிடக் கடினமான ஆர்டர் ஒன்று உண்டு. குழந்தைத் திருமணம் பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடும் மாவட்டம் தருமபுரி. அவசரமாக, விடியற்காலையில், ஊருக்கு வெளியே ஒரு கோயிலில் கல்யாணம். மண்டபம் இல்லை, பத்திரிகை இல்லை. படம் மட்டும் வேண்டும் என்று போன் வந்தால் போட்டோக்காரர் என்ன செய்வார்? 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைத் திருமணத்தை நடத்துபவருக்கும் அதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. குழந்தைத் திருமணம் இல்லை என்று நம்பக் காரணம் இருந்ததாக நிரூபித்தால்தான் தப்பலாம். படம் எடுப்பவர் உடந்தையா என்பது அந்தந்த வழக்கைப் பொறுத்தது. ஆனால் அட்வான்ஸ் வாங்கும்போதே இருவரின் ஆதார் நகலையும் கேட்டுவிடும் வழக்கம் அவரையும் காப்பாற்றும், சில வேளை அந்தப் பெண்ணையும் காப்பாற்றும். ஆர்டரை மறுத்துவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் பேசாமல் இருந்தால் வேலை பாதியில் நிற்கிறது. அவர் மறுத்தால் இன்னொருவர் எடுப்பார் என்பது உண்மைதான். கல்யாணம் நடந்ததற்கு ஊரறியச் சாட்சி சொல்வது படம்தான். அந்தச் சாட்சியை அவர் தன் கையால் உண்டாக்கவில்லை என்ற அளவுக்கு மட்டுமே அந்த மறுப்புக்குப் பலன்.

ஒப்படைக்கப்பட்டதைக் காப்பதும் கடமையில் சேரும். தமிழகத்துப் பழைய ஸ்டுடியோக்களின் கண்ணாடி நெகட்டிவ்கள் எத்தனையோ கரையானுக்கும் ஈரத்துக்கும் பழைய சாமான் கடைக்கும் போய்விட்டன. மிஞ்சியவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடி எண்ணிமப்படுத்தியது. இன்றைய ஹார்டு டிஸ்க் கண்ணாடியைவிட உறுதியானது என்று யாரும் எண்ண வேண்டாம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று கடைக்கு வெளியே என்பது தொழிலில் பலரும் ஒப்பும் கணக்கு. அந்தச் செலவைப் பேக்கேஜ் விலையில் முதலிலேயே சேர்க்க வேண்டும். எத்தனை வருடம் காப்போம் என்பதையும் எழுத வேண்டும்.

எழுத வேண்டியதில் சிக்கலானது, கல்யாணம் முறியும்போது வருவது. பணம் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தது, படத்தில் இருவரும். ஒருவர் அழிக்கச் சொல்வார், மற்றவர் வழக்குக்கு வேண்டும் என்பார். 17ஆம் பிரிவு ஒரு பக்கம் இழுக்கும், 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்னொரு பக்கம். படங்களின் பிரதி யாருக்கெல்லாம் தரப்படும், எவை வெளியில் போகும், நீக்கச் சொன்னால் எத்தனை நாளில் நீக்கப்படும் என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, ஆர்டர் கொடுப்பவரோடு மணமகன், மணமகள் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் ஸ்டுடியோவுக்கு அந்த நாளில் கொஞ்சம் தெளிவு இருக்கும். அட்வான்ஸோடு வருவது வழக்கமாக அப்பாவோ மாமாவோதான். தாள் பெண்ணின் கைக்குப் போய்த் திரும்பி வர நாளாகும், “இதுக்கெல்லாம் எதுக்குங்க பொண்ணு கையெழுத்து?” என்பார்கள், சிலர் எதிர்க்கடைக்கே போய்விடுவார்கள். முதல் வருடத்து ஆவணியில் அப்படி இரண்டு ஆர்டர் போனால் கடை வாடகைக்கே இழுபறிதான்.