ஏழே நாளில்!

பருவம் வருகிறது, உடன் பருவும் வருகிறது. இயற்கை இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்புகிறது. கண்ணாடி முன் நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, கன்னத்திலே எழுந்த சிறு கட்டி பெருங்கவலையாகிவிடுகிறது. அந்தக் கவலை எப்போது பிறக்கும் என்று காத்திருப்பவன் ஒருவன் இருக்கிறான். அவன்தான் விளம்பரக்காரன். "ஏழே நாளில் பரு பறந்தோடும்! ஒரே இரவில் ஒளி வீசும் வதனம்!" என்று கூவுகிறான். கூவுவது அவன் பிழைப்பு. கூவியது மெய்யா என்று கேட்பது நமது பொறுப்பு.

"பருவைப் பற்றியும் ஒரு கட்டுரையா? பேசுவதற்கு வேறு பொருளே அகப்படவில்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். சின்னஞ்சிறு பொருள்தான், மறுக்கவில்லை. தாயத்து மட்டும் என்ன பெரிய பொருள்? ஒரு துண்டுத் தகடு, ஒரு முழம் கயிறு! ஆனால், அந்தக் கயிறு கட்டியது கையையா, கருத்தையா என்பதன்றோ கேள்வி! தாயத்தைக் கண்டு எள்ளி நகையாடும் இளைஞன், வெள்ளை அங்கி அணிந்த நடிகரின் படம் பொறித்த குப்பியைக் கண்டதும் வாய் பொத்தி நிற்பானாகில், அவன் பூசாரியை மாற்றிக்கொண்டான், பூசையை விட்டானில்லை என்றே கூறவேண்டும்.

பரு என்பது யாது? தோலிலே உள்ள மயிர்க்கால் ஒவ்வொன்றையும் ஒட்டி எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் எனும் சுரப்புநீர் பெருகுகிறது, எண்ணெயும் பெருகுகிறது. உதிர வேண்டிய தோலணுக்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு துளையை அடைக்கின்றன. உள்ளே, நம் தோலில் இயல்பாகவே வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற நுண்ணுயிர் பல்குகிறது. சிவக்கிறது, வீங்குகிறது, சீழ் கட்டுகிறது. இதுதான் பரு. அழுக்கின் அடையாளமன்று, தீய எண்ணத்திற்குக் கிடைத்த தண்டனையுமன்று.

இதிலே கருத்தூன்றிக் காணவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இன்று காலை கண்ணில் பட்ட பரு இன்று காலை பிறந்ததல்ல. கண்ணுக்குத் தெரியாத அடைப்பாக அது வாரக்கணக்கில் தோலுக்குள் ஒளிந்து வளர்ந்தது. ஆகவே, பருவைத் தடுக்கும் மருந்து, இனித் தோன்றவிருக்கும் அடைப்புகளைத் தடுக்கும் மருந்தாகவே இருத்தல் வேண்டும். அதன் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். தோலின் கடிகாரம் அது. விலை கூடுதலாகக் கொடுத்தோம் என்பதற்காக அது விரைந்து ஓடாது.

அப்படியானால், "பூசினேன், போயிற்று" என்று சொல்வோரெல்லாம் பொய்யர்களா? அல்லர். அவர்கள் கண்டது மெய். கொண்ட முடிவே பிழை. சிறு பரு, எதையும் பூசாவிட்டாலும் சில நாளில், மிஞ்சினால் ஓரிரு வாரத்தில், தானே அடங்கும். இரவிலே பற்பசை பூசியவனுக்கும் அடங்கும். சந்தனம் பூசியவளுக்கும் அடங்கும். ஒன்றுமே பூசாதவனுக்கும் அடங்கும். சேவல் கூவிற்று, பொழுது விடிந்தது. எனவே சேவல்தான் கதிரவனைக் கூட்டி வந்தது என்று கொள்ளலாமா? மேலும், எவரும் பரு குறைந்திருக்கும் நாளில் குப்பி வாங்கக் கடைக்குப் போவதில்லை. மிகுந்திருக்கும் நாளில்தான் போகிறார்கள். மிகுந்தது தானாகக் குறையத் தொடங்கும் வேளையிலே பூச்சு வந்து சேர்கிறது. காலம் செய்த வேலைக்குக் களிம்பு கூலி வாங்கிக்கொள்கிறது!

இந்த மயக்கத்தை அறுக்க அறிவியல் கண்ட வழி எளிது. ஒரே முகத்தின் ஒரு பாதிக்கு மருந்து, மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. அல்லது ஒரு குழுவினருக்கு மருந்து, மற்றொரு குழுவினருக்கு வெறும் களிம்பு. எது எதுவெனப் பூசுபவருக்கும் தெரியாது. பருவை எண்ணுபவருக்கும் தெரியாது. இத்தகைய சோதனைகளிலே வெறும் களிம்பு பூசியவர்களுக்கும் பரு குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது. ஆகவே "குறைந்ததா?" என்ற கேள்வி போதாது. "பூசாதிருந்தால் குறைந்திராதா?" என்று கேட்கவேண்டும். விளம்பரம் முதற் கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். இரண்டாவதைக் கேட்டால் இசை முழங்கத் தொடங்கிவிடும்!

கல்வி பெருகிய நாட்டிலே இந்த ஏமாற்று நடக்காது என்று எவரும் எண்ணவேண்டாம். அமெரிக்க நாட்டிலே, கைத்தொலைபேசியின் திரையிலிருந்து வரும் நீல ஒளியும் சிவப்பு ஒளியும் பருவைப் போக்கும் என்று கூறி, இரண்டு செயலிகளை விற்றார்கள். நாள்தோறும் சில நிமிடம் திரையை முகத்தருகே பிடிக்கவேண்டுமாம்! ஒன்றின் விலை 1.99 டாலர், ஏறத்தாழ 11,600 பேர் இறக்கிக்கொண்டனர். மற்றதன் விலை 0.99 டாலர், ஏறத்தாழ 3,300 பேர். முதலாவதற்கு மருத்துவ ஏடொன்றில் வெளிவந்த ஆய்வையே சான்றாகக் காட்டினர். அந்த ஆய்வு, விற்ற பொருளுக்குச் சான்றாகாது என்றது பெடரல் டிரேட் கமிஷன். 2011-இல் வழக்கு முடிவுக்கு வந்தது. ஒரு தரப்பு 14,294 டாலரும் மறு தரப்பு 1,700 டாலரும் செலுத்த இசைந்தன. பழைய மந்திரவாதி வேப்பிலையைக் காட்டினான். புதியவன் ஆய்வேட்டைக் காட்டினான். காட்டியது மாறிற்று, கண்கட்டு மாறவில்லை.

அங்கே போனது காசு மட்டுமே. நம் நாட்டில் நடப்பதோ முகத்தையே பறிக்கும் கொடுமை. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பருவுக்கும் நிறத்துக்கும் எனப் பூசிக்கொள்கிறார்கள். அவை விரைந்து வேலை செய்கின்றன! சில நாளில் சிவப்பு மறைகிறது, வீக்கம் வடிகிறது. "அற்புதம்!" என்கிறார்கள். பிறகு தோல் மெலிகிறது. இரத்த நாளங்கள் வெளியே தெரிகின்றன. பரு முன்னிலும் மூர்க்கமாகத் திரும்புகிறது. நிறுத்தினால் முகம் எரிகிறது, எனவே நிறுத்த முடிவதில்லை. இந்தியாவில் 12 மருத்துவ நிலையங்களில் தோல் மருத்துவர்கள் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் இத்தகைய களிம்பு பூசிவந்த 433 பேர் கண்டறியப்பட்டனர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பருவுக்காகப் பூசியவர். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தீங்கு நேர்ந்திருந்தது. மிகுதியாகக் காணப்பட்ட தீங்கு எது தெரியுமா? பருவேதான்! 2018-இல் இந்திய அரசு, 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது. நாளைய முகத்தை அடகு வைத்து இன்றைய முகத்தை மினுக்குவது வைத்தியமா? வட்டிக்கடையல்லவா!

எல்லாம் பொய், எதையும் பூசாதே என்பது நமது வாதமன்று. எதையும் மறுப்பது பகுத்தறிவாகாது. தேர்ந்து ஏற்பதே பகுத்தறிவு. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் முதலியவை சோதனையில் தேறியவை. கடும் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் இருக்கிறது. கருவைச் சிதைக்கும் ஆற்றல் கொண்டதாகையால் மருத்துவர் கண்காணிப்பிலேயே உண்ணத்தக்கது. பெருத்துவிட்ட ஒரு கட்டியைச் சில நாளில் அடக்கும் ஊசிகூட மருத்துவரிடம் உண்டு. அது அந்த ஒரு கட்டிக்கு மட்டுமே. தேறிய மருந்து "மூன்று மாதம் பொறு" என்று சொல்லும் நாணயம் உடையது. அந்த மூன்று மாதத்தை ஏழு ஏழு நாளாக வெட்டி, பன்னிரண்டு குப்பிகளுக்குப் பலியிட்டவன், முடிவிலே காண்பது ஆறாத தழும்பு. பணம் போனால் ஈட்டலாம். தழும்பை எந்தச் சந்தையில் திருப்பிக் கொடுப்பது?

"வாங்கு என்று யாரையும் வற்புறுத்தினோமா?" என்கிறார்கள் விற்போர். நேர்மையான கேள்வியா இது? அவர்கள் காட்டும் படத்தைப் பாருங்கள்! பரு உள்ள பெண்ணுக்கு வேலை இல்லை, தோழி இல்லை, திருமணம் இல்லை. பூச்சு பூசுகிறாள், எல்லாம் வருகின்றன. முதலில் நாணத்தை விதைத்து, பின்பு அதற்கு மருந்து விற்பது, கல்லெறிந்து காயப்படுத்திவிட்டுக் கட்டுத்துணி விற்பதற்கு ஒப்பாகும். பூச்சு வேலை செய்தாலும்கூட இந்தக் குற்றம் குற்றமே. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்க இடந்தருகிறது. புகழுரைத்த நடிகரையும் ஓராண்டு வரை விளம்பரத்தினின்றும் விலக்கி வைக்கலாம். சட்டம் இருக்கிறது. ஆனால், சட்டம் வருவது முகம் வெந்த பிறகு.

வணிகன் மட்டுந்தானா குற்றவாளி? வகுப்பறையிலே தோழனின் கன்னத்தைக் காட்டிச் சிரிக்கும் மாணவன், வீட்டிலே "இந்த முகத்தை எவன் பார்ப்பான்?" என்று மகளைக் கேட்கும் உறவினர் ஆகியோரெல்லாம் கூலி பெறாத விளம்பர முகவர்கள் அல்லரோ! ஏளனம் இல்லாத இடத்தில் அவசரம் இல்லை. அவசரம் இல்லாத இடத்தில் "ஏழே நாளில்" என்ற சொல்லுக்கு விலையும் இல்லை.

எனவே, இளைஞர்களே! குப்பியைக் கையிலெடுக்குமுன் கேளுங்கள்: உள்ளே இருப்பது என்ன? வெறும் களிம்போடு ஒப்பிட்டுச் சோதித்தார்களா? எத்தனை வாரத்துக்குப் பின் எண்ணினார்கள்? எண்ணியவன் விற்பவனிடம் ஊதியம் பெறுபவனா? விடை இல்லையேல் குப்பியை இருந்த இடத்திலேயே வையுங்கள். பரு மிகுந்தால் தாமதியாது மருத்துவரை நாடுங்கள். ஆராயாமல் எதையும் ஏற்பதில்லை என்பது மேடையில் முழங்குவதற்கு மட்டுமான கொள்கை அன்று. கடைவாயிலிலே, கையிலே காசும் கன்னத்திலே பருவுமாக நிற்கும்போதும் அது நம்முடன் நிற்கவேண்டும்.